அரிப்பு 'டொரிக்' மாளிகையும் அல்லிராணி கோட்டையும்: ஒரு விமர்சன நோக்கு

ஈழத்தில் பிரித்தானியர் எழுப்பிய மாளிகைகள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தூணையும் தளத்தையும் வருணித்து, கட்டுவித்தோரின் இரசனையைப் போற்றுவதுடன் அமைந்துவிடுவர். எவருடைய உழைப்பு அத்தூண்களாக நின்றது என்னும் வினா எழுவதேயில்லை. மன்னார்த்தீவுக்குத் தெற்கே, பெருநிலத்துக் கரையில், அரிப்பிலே சிதைந்து நிற்கும் 'டொரிக்' மாளிகை இவ்வினாவை எழுப்புவதற்குப் பெரிதும் ஏற்ற சான்றாகும். இதனை விக்டோரியா காலத்துக் கட்டடமெனக் கருதுதல் பொருந்தாது. அரசி அரியணை ஏறியது 1837இல், மாளிகை எழுந்ததோ 1801க்கும் 1804க்கும் இடைப்பட்ட காலத்தில். குடும்ப இல்லமும் அன்று. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்பொருட்டு முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த பருவகால உறைவிடம் அது.

நோர்த் கிரேக்கப் பண்பாட்டில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். 1791இல் கோர்பூவிற் கிரேக்க வைதிகத் திருச்சபையைத் தழுவியவர். பின்னாளில், 1824இல், அங்கு அயோனியன் கல்விக்கழகத்தைத் தோற்றுவித்தவர். வறண்ட மணற்கரையிலே கிரேக்கக் கோயிலின் தூண்வரிசை தோன்றியமைக்கு இவ்வீடுபாடு ஓரளவு காரணமாகலாம். ஆயின் இரசனை மட்டும் செங்கல்லை அடுக்கிவிடாது. மாளிகையை நேரிற் கண்ட மதகுரு ஜேம்ஸ் கோடினர், 1807இல் வெளியான தமது நூலில், சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணச்சாந்து சலவைக்கல்லுக்கு நிகராக மெருகேறி நின்றதை வியந்துரைக்கிறார். அவர் வியப்பு முடியுமிடத்தில் நமது விசாரணை தொடங்குகிறது. முத்து வணிகர் கைக்குச் சென்றது. வருவாய் அரசுக்குச் சென்றது. சிப்பி ஆளுநரின் சுவராயிற்று. மூச்சையடக்கி, கல்லைப் பற்றிக் கடலடிக்கு இறங்கியவனுக்கு எஞ்சியது யாது?

அதற்கான விடை 'கொட்டு' எனப்பட்ட வேலியடைப்பினுள் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கரைசேர்ந்த சிப்பி அங்கு மூன்று கூறாகக் குவிக்கப்பட்டது; இரண்டு அரசுக்கு, ஒன்று குளிப்போருக்கு. அவ்வொரு கூறும் படகுக்காரரோடு பங்கிடப்படவேண்டியதாயிற்று. பாரோ நிலையானதன்று. 1837ஐயடுத்து 1855 வரை சலாபமே நடைபெறவில்லை. அரசு அதனை வருவாய்க் கணக்கிற் குறித்துக்கொண்டது. குளிப்பையே நம்பியிருந்தவர் இல்லங்களில் அது எவ்வாறு குறிக்கப்பட்டது என்பதை எந்த அறிக்கையும் கூறாது. 1906இல் முத்துப்பார்களை ஆண்டுக்கு 310,000 ரூபாவுக்கு, இருபதாண்டுக் குத்தகையாக, இலண்டன் கம்பனியொன்றிடம் அரசு ஒப்படைத்தது. சில ஆண்டுகளிலேயே அக்கம்பனி முறிந்தது. மூலதனம் தான் பறிப்பதைக்கூடப் பேணத் தெரியாதது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இலக்கியம் இக்கரையை எவ்வாறு கண்டது? 1863இல் பாரிசில் அரங்கேறிய பிசேயின் 'முத்துக்குளிப்போர்' இசைநாடகம் முதலில் மெக்சிக்கோவைக் களமாகக் கொள்ளவிருந்து பின் இலங்கைக்கு மாறியது. களத்தை இத்துணை எளிதில் மாற்ற முடிந்தமையே அங்கு உழைப்பாளனுக்கு இடமில்லை என்பதைக் காட்டும். குளிப்போரைக் காக்கப் பாடும் கன்னி அந்நாடகத்தின் மையம். உண்மைக் கரையிலோ அப்பணியைச் செய்தவர் சுறாவைக் கட்டும் 'கடல்கட்டி'. அரசிடம் ஊதியம் பெற்றவர், அதிலும் கத்தோலிக்கர் என எமேர்சன் ரெனன்ற் 1859இல் எழுதினார். பகுத்தறிவு பேசிய ஆட்சி, வருவாய் தடைப்படாதிருக்க மந்திரத்துக்கும் சம்பளம் வழங்கிற்று.

லெனாட் வூல்ஃப் இவற்றினின்றும் வேறுபட்டவர். 1906இல் மரிச்சுக்கட்டிச் சலாபத்திற் கடமையாற்றிய அனுபவம் 'முத்துக்களும் பன்றிகளும்' என்னும் சிறுகதையாக 1921இல் வெளிவந்தது. ஏகாதிபத்தியத்தின் அழுகலை உள்ளிருந்து காட்டிய கதை அது. அதன் நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் மரணத்தின் மாண்பு அராபியக் குளிப்பாளன் ஒருவனுக்கே அளிக்கப்படுகிறது. இக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் கூட்டமாகவே நிற்கின்றனர். நம்மவரும் பெருமிதங்கொள்ள இடமில்லை. கொற்கை முத்தின் ஒளியை நூற்றாண்டுகளாகப் பாடிய மரபு, அதனை எடுத்து வந்தவனின் நுரையீரலைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியது.

இனி ஒரு செய்தி நமது கவனத்துக்குரியது. ஊர்மக்கள் இம்மாளிகையை அல்லிராணி கோட்டை என்றே வழங்குவர். அல்லி அரசாணி மாலை முதலான கதைப்பாடல்களால் தமிழ்ப் பாமரர் நன்கறிந்த வீரப்பெண் அவள். குதிரைமலையோடும் அவளை இணைத்துரைப்பர். வரலாறறியாதோர் கூற்றென இதனை ஒதுக்குதல் எளிது. நமக்கு அது உடன்பாடன்று. ஆளுநரின் பெயரை நீக்கித் தமக்குரிய பெண்ணொருத்தியின் பெயரை இட்டமை, ஆவணக்காப்பகம் எட்டாத மக்கள் செய்த உரிமை கோரலாகும். அதே வேளை, அரசுக்குப் பதில் அரசியையே அவர்களால் கற்பனை செய்ய முடிந்தது என்பதையும் மறைத்தலாகாது. குளிப்பாளன் அப்பெயரிலும் இல்லை.

1925இன் பெருஞ்சலாபத்துக்குப் பின் அத்தொழில் மீளவில்லை. சுண்ணம் உதிர்ந்து, உள்ளிருக்கும் செங்கல் வெளித்தெரிய, அலை அரித்த மேட்டின் விளிம்பில் கட்டடம் சரிந்துகொண்டிருக்கிறது. அதனைப் பேணும் முயற்சி மேற்கொள்ளப்படுமாயின், அங்கு நாட்டப்படும் பெயர்ப்பலகையில் நோர்த்தும் அல்லியும் மட்டும் இடம்பெறுதல் போதாது. பெரியபார், சேவல்பார் என்னும் பார்களின் பெயர்களும், சிப்பி பங்கிடப்பட்ட மூன்று கூறுகளின் கணக்கும் அதில் பொறிக்கப்படல் வேண்டும்.