அம்மா மண்டபமும் முக்கொம்பும்

கடற்கரை இல்லாத திருச்சிக்காரர்களின் சிறுவயது விடுமுறைகள் காவிரிக் கரையில்தான் கழிந்தன. வெளியூர்களில் குடியேறியவர்கள் ஊருக்கு வந்தால் முதலில் போவது ஸ்ரீரங்கத்தின் தென்கோடியிலுள்ள அம்மா மண்டபம் படித்துறைக்கு. அங்கிருந்து அக்கரையில் மலைக்கோட்டை தெரியும்.

இந்தப் படித்துறை முழு அழகோடு இருப்பது ஆடிப்பெருக்கன்று. பெண்கள் காதோலை, கருகமணி, பூ, பழம் வைத்துக் காவிரியை வணங்கி மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டுச்சாதம் பிரித்துச் சாப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குச் சப்பரம்தான் திருவிழா. மெல்லிய பலகையில் நான்கு சக்கரம், மேலே கோபுரம்போல் ஒட்டிய வண்ணக் காகிதம், உள்ளே ஒரு சாமி படம், இழுக்க நூல்கயிறு. இத்தனை எளிய பொருளில் இவ்வளவு அழகு கூடுவது அபூர்வம். ஆடியில் ஸ்ரீரங்கம் கோயிலின் உற்சவரான நம்பெருமாளும் இம்மண்டபத்துக்கு எழுந்தருளி, தங்கை காவிரிக்குச் சீர் கொடுக்கிறார்.

ஒருநாள் உல்லாசத்துக்கு முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இவ்விடத்தில் ஆர்தர் காட்டன் 1836-38இல் மேலணையைக் கட்டினார். பூங்காவும் மரநிழலும் இன்றும் இருக்கின்றன. ஆனால் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் உடைந்துபோக, அருகிலேயே புதுக் கதவணை எழும்பியது.

ஆற்றில் தண்ணீர் ஓடுவது 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் கையில். வழக்கமான திறப்பு ஜூன் 12. அது தள்ளிப்போகும் ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்கு வருகிறவர்கள் மணலைத்தான் பார்க்கிறார்கள்.