ஜீன்ஸ் பேண்ட்டும் கூலிங்கிளாஸும்

2012 டிசம்பரில் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் அல்லாத சாதித் தலைவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு பிம்பத்தைப் பொதுவில் வைத்தார். ஜீன்ஸ் பேண்ட், டீ சர்ட், கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிற தலித் இளைஞன். 'நாடகக் காதல்' என்ற சொல் ஊரெல்லாம் பரவியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 7 அன்றுதான், தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்திருந்தார்கள். எரித்தவனை விட்டுவிட்டு, எரிந்த வீட்டுப் பையனின் பேண்ட்டைப் பற்றி நாட்டைப் பேச வைத்தது அந்தப் பிம்பம்.

நம் அப்பன் பாட்டனை என்ன சொன்னார்கள்? அழுக்கு, கந்தல், குளிக்கமாட்டான். பேரன் குளித்து, துவைத்து உடுத்தி வந்தால் மினுக்குறான், மயக்குறான். சாட்சி தலைகீழாக மாறியும் தீர்ப்பு மாறவில்லை என்றால், அந்தத் தீர்ப்பு நம்மைப் பார்த்து எழுதியதே இல்லை. பழகினால் தப்பெண்ணம் போய்விடும் என்கிற முற்போக்கு நண்பர்களோடு இங்கேதான் எனக்குச் சண்டை. நத்தத்தை எரித்தவர்கள் சுற்று வட்டாரத்துக்காரர்கள். பழகாதவர்களா?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பஸ்ஸை விட்டு இறங்குகிற பையன்களில் பாதிப்பேர் ஜீன்ஸ்தான். கம்பெனி கேட்டில் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே பேண்ட் ஊர்த்தெருவுக்குள் நுழைந்தால், "காலனிப் பயலுக்கு எதுக்குடா கண்ணாடி?" துணி அல்ல, கூலிதான் உறுத்துகிறது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய் வந்தவன் நிலக்காரன் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நத்தத்தில் நெருப்பு வைத்தது அந்தக் கூலியில் கட்டிய வீட்டுக்கு, வாங்கிய பைக்குக்கு.

2020இல் வந்த 'திரௌபதி' படம் போலிப் பதிவுத் திருமணக் கும்பல் என்று இதையே கதையாக்கியது. எந்தச் சாதி என்று சொல்ல வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. பார்க்கிறவன் நிரப்பிக்கொள்வான், எட்டு வருஷமாகப் பிம்பம் தயாராக இருந்ததே.

நாடகக் காதல் பேச்சில் இன்னொரு பிம்பமும் ஒளிந்திருக்கிறது, அதை நாமும் அதிகம் பேசவில்லை: சொந்த மனசே இல்லாத பெண். ஒருத்தன் மயக்கினால் மயங்குவாள், இன்னொருத்தன் மீட்டால் திரும்புவாள். 2018 நவம்பரில், ஓசூரில் குடித்தனம் நடத்திய இளம் ஜோடியைக் கடத்திக் கொன்று கர்நாடகத்துக் காவிரியில் வீசினார்கள். அவன் தலித், அவள் வன்னியர். கைதானவர்களில் பெண்ணின் அப்பாவும் ஒருவர். மயங்கிப் போன பெண்ணை மீட்கிறவர்கள் அவளையும் சேர்த்து எதற்குக் கொல்ல வேண்டும்?