கணினி விளையாட்டும் குழந்தையின் வாசிப்பும் – ஒரு மதிப்பீடு

சந்தேபேட்டையில் தானியக் கடை வைத்திருப்பவனுக்குக் கணினி விளையாட்டைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். ஆனால் மூட்டையின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்து நான் விலை பேசுவதில்லை. குத்தூசி போட்டு, உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்த பிறகே பேசுவேன். அந்த ஒரு பழக்கத்தை நம்பியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் பேத்திக்கு ஆறு வயது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறாள். தமிழ் வீட்டில் பேச மட்டும்தான். மைசூரில் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் இதே கதை. தமிழ் எழுத்தாவது தெரியட்டுமே என்று என் மகன் கைப்பேசியில் ஒரு எழுத்து விளையாட்டை இறக்கிக் கொடுத்தான். பதினைந்தே நாளில் திரை முழுக்க நட்சத்திரம். "தாத்தா, நான் எல்லா எழுத்தும் முடிச்சுட்டேன்" என்று ஓடி வந்தாள். மயில் படம் வந்தது, "மயில்" என்றாள். மரம் வந்தது, "மரம்" என்றாள். எனக்கு ஒரு சந்தேகம். அடுத்த படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "கீழே இருக்கிறதைப் படிம்மா" என்றேன். சற்று நேரம் பார்த்தவள், "விரலை எடுங்க தாத்தா, அப்பத்தான் வரும்" என்றாள்.

குழந்தை மேல் குற்றமில்லை. அவள் படத்தைப் படித்தாள், எழுத்தைப் படிக்கவில்லை. நட்சத்திரம் கொடுத்த இயந்திரத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எழுத்து என்பது எது?

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். கங்கர் வழிவந்த சீயகங்கனின் வேண்டுகோளுக்கு இணங்கி நூல் செய்தவர். அவ்வகையில் கன்னட நாட்டுக்கும் நமக்கும் பொதுவானவர். அவர் எழுத்துக்கு இலக்கணம் சொல்லும்போது அதை ஒலி என்றே சொல்கிறார். கோடு போட்டு எழுதும் வடிவம் அதற்கு அடுத்தபடிதான். வாசிப்பு என்பது வடிவத்தைக் கண்டு, ஒலியை எழுப்பி, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது. இந்த மூன்றில் முதலாவதை மட்டும் விளையாட்டாக்கிவிட்டு வாசிப்பு கற்பித்ததாகச் சொல்வது அரைப்படி அளந்துவிட்டு முழுப்படிக்குக் காசு கேட்பது போன்றது.

ஆங்கில அச்சில் வார்த்த தமிழ்

நான் பார்த்த விளையாட்டுகளில் பல ஆங்கிலத்துக்குச் செய்த அச்சில் தமிழை ஊற்றியவை. ஆங்கிலத்தில் 26 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் என்று முடித்துவிடலாம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இத்தனைக்கும் படம் போட்டு மனப்பாடம் செய்யவைப்பது வீண் சுமை. மெய்யோடு உயிர் சேரும் முறையைக் காட்டினால் போதும்; மற்றவற்றைக் குழந்தையே பிடித்துக்கொள்ளும்.

அந்த முறையில்தான் சிக்கலும் இருக்கிறது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னே கொம்பு, பின்னே கால். இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. இதை நின்று விளக்கும் விளையாட்டை நான் அதிகம் காணவில்லை. ஒன்றில் 'மிட்டாய்' என்ற சொல்லைத் துண்டு துண்டாக்கிக் கலைத்துப் போட்டிருந்தார்கள். ம ஒரு பக்கம், அதன் சுழி தனியாக ஒரு பக்கம், டகரத்தின் புள்ளி அந்தரத்தில்! யூனிகோடில் 'மி' என்பது மகரமும் சுழியுமாக இரண்டு குறியீடு. கணினிக்கு அது இரண்டு. குழந்தைக்கு அது ஓர் எழுத்து. செய்தவர்கள் கணினியின் கணக்கையே பின்பற்றிவிட்டார்கள்.

இன்னொன்று நம் மைசூர்ப் பிள்ளைகளுக்கே உரிய இடர்ப்பாடு. கன்னடத்தில் ஐந்து வர்க்கமும் ஐந்தைந்தாக 25 எழுத்து. தமிழில் அதே இடத்தில் பத்துதான். 'கல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி வேறு வேறு. 'பச்சை', 'மஞ்சள்', 'பசி' மூன்றிலும் சகரமும் அப்படியே. கன்னடம் படித்த பிள்ளை "இது எந்தக் க?" என்று கேட்பது அறிவான கேள்வி. சொல்லில் எழுத்து நிற்கும் இடத்தைக் காட்டாமல், தனி எழுத்தாக 'க' என்று கூவிவிட்டுப் போகும் விளையாட்டு இதற்குப் பதில் சொல்லாது.

கர்நாடகம் கண்ட பாடம்

இது புதிய சோதனை அன்று. 2000களின் தொடக்கத்தில் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை கர்நாடக அரசுப் பள்ளிகளில் கணினிவழிக் கற்றலைப் பெரிய அளவில் முயன்றது. பல இந்திய மொழிகளில் விளையாட்டும் கதையுமாகக் குறுந்தகடுகள் செய்து தந்தார்கள். நல்ல எண்ணம், நல்ல உழைப்பு. ஆனால் எதிர்பார்த்த அளவு கற்றல் நிகழவில்லை என்று கண்டு, அந்த வழியை விட்டு ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் பணிக்குத் திரும்பினார்கள். 2010இல் அறக்கட்டளையின் பொறுப்பிலிருந்த அனுராக் பெஹர், தொழில்நுட்பமே தீர்வு என்ற மயக்கம் உண்மையான சிக்கல்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுகிறது என்ற கருத்தை வெளிப்படையாகவே எழுதினார். போட்ட முதல் திரும்பவில்லை என்று ஊரறியச் சொல்ல எந்த வியாபாரிக்கும் மனம் வராது. அவ்வகையில் இது பாராட்டத்தக்கது.

பொறுமையும் வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சோனாலி நாக், கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்து 2007இல் எழுதிய கட்டுரையில், எழுத்துகளை முழுமையாகக் கற்க நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டினார். பதினைந்து நாளில் 'எல்லாம் முடிந்தது' என்று சொல்லும் நட்சத்திரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்லாந்து விளையாட்டு

எல்லா விளையாட்டும் பதர் என்று சொல்ல வரவில்லை. பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் ஹைக்கி லூட்டினனும் அவர் குழுவினரும் 'கிராஃபோகேம்' என்று ஒன்று செய்தார்கள். ஒலி காதில் விழும். திரையில் எழுத்துகள் மேலிருந்து இறங்கும். கேட்ட ஒலிக்குரிய எழுத்தைத் தொட வேண்டும். தவறினால் மறுபடி அதே ஒலி வரும். இங்கே ஒளிந்துகொள்ள மயில் படம் கிடையாது. பின்னிஷ் மொழியில் ஏறக்குறைய ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி; எனவே விளையாட்டு அதற்குப் பொருந்தியது.

அதையே ஆங்கிலம் கற்பிக்க அகமதாபாத் பள்ளி ஒன்றில் சோதித்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். எழுத்தின் ஒலியை அறிவதில் பிள்ளைகள் நன்கு முன்னேறினர். பொதுவான வாசிப்பில் அந்த அளவு வேறுபாடு தெரியவில்லை. பின்பு 2020இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 28 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சொல் வாசிப்பில் மொத்தத்தில் பயன் ஏறக்குறைய சுழியம். ஆனால் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து பேசி, கேட்டு, திருத்திய இடங்களில் மட்டும் பயன் தெளிவாகத் தெரிந்தது. இக்கட்டுரையில் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டியது இந்த ஒரு செய்திதான்.

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையையும் ஏற்படுத்தினார். 1797இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது பேர் பெற்றது. சமண மரபில், ஆதிநாதர் தம் புதல்வியர் பிராமியையும் சுந்தரியையும் மடியில் அமர்த்தி, ஒருத்திக்கு எழுத்தும் ஒருத்திக்கு எண்ணும் கற்பித்ததாகச் சொல்வார்கள். சிரவணபெளகொளாவில் நிற்கிறாரே பாகுபலி, அவருடைய சகோதரிகள்தாம் இவர்கள்.

பழையது எல்லாம் பொன் என்றும் நான் சொல்லமாட்டேன். வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் நானும் முறத்தில் மணல் பரப்பி "ஆனா, ஆவன்னா" எழுதியவன்தான். அர்த்தம் புரியாமல் ஒப்பித்ததும் உண்டு, அடி வாங்கியதும் உண்டு. அடி வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்த ஆள் மட்டும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

விளையாட்டைப் பிடுங்கி வைக்க வேண்டியதில்லை. தினம் கால் மணி நேரம் பெரியவர் ஒருவர் கூட உட்காரட்டும். படத்தை மறைத்துச் சொல்லைக் கேளுங்கள். விளையாட்டில் வராத ஒரு சொல்லைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். 'கல்', 'கால்' இரண்டையும் அருகருகே எழுதி, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ப, ட, ம மூன்றும், ஒரு புள்ளியும், ஒரு துணைக்காலும் தெரிந்தால் போதும்: படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம் என்று ஆறு சொல் கையில் வந்துவிடும். 247ஐயும் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்கத் தேவையில்லை.

நம் ஊர்க் கணினி நிறுவனங்களில் தமிழ் இளைஞர்கள் பலர் வேலை செய்கிறார்கள். படத்தை நம்பாத, உயிர்மெய்யைத் துண்டாக்காத, கன்னடம் அறிந்த பிள்ளையை மனத்தில் வைத்த ஒரு சிறு விளையாட்டை அவர்கள் செய்து தரலாம். சொற்பட்டியலை நம் சங்கத்து மூத்தவர்கள் தொகுத்துத் தரலாம். என் பங்குக்கு நானும் வருகிறேன்.

இரண்டு மாதமாக நானும் பேத்தியும் கடை அடைத்த பிறகு சேர்ந்து உட்காருகிறோம். போன வாரம் தமிழ்நாட்டிலிருந்து வந்த அரிசி மூட்டையின் முன்னால் நின்றாள். படம் இல்லை, வெறும் எழுத்துதான். "பெ..." என்றாள். பிறகு காலைப் பார்த்துவிட்டு, "இல்ல, பொ... பொன்... பொன்னி!" என்றாள். அடுத்த மூட்டைக்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.