ஒரு தேதி, ஒரு கையெழுத்து

புதுச்சேரியை அடுத்த ஆரோவில் சர்வதேச நகரில் வெளிநாட்டுத் தம்பதிக்குப் பிறந்த அண்ணன் இந்தியக் குடிமகன், தங்கை வெளிநாட்டவர் என்று இருக்க முடியும். அண்ணன் 1987 ஜூலை 1-க்கு முன்பும் தங்கை அதற்குப் பின்பும் பிறந்திருந்தால் போதும். அதுவரை இந்திய மண்ணில் பிறந்த ஏறக்குறைய எல்லோரும் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றானது. 2004 டிசம்பரில் விதி மேலும் இறுகியது. செம்மண்ணில் புரண்டு, பக்கத்துக் குயிலாப்பாளையம் கிராமத்துப் பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்த தங்கை, பிறந்த ஊரில் தங்கவே விசா வாங்க வேண்டும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வந்தவர் தங்கும் நாளுக்கு வரம்பு வைப்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமைதான். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவரது விவரத்தை அனுப்ப வேண்டும். எரிச்சலூட்டும் சடங்குகள் என்றாலும், யார் எங்கே இருக்கிறார் என்பது அரசுக்குத் தெரிந்திருக்க இவை உதவுகின்றன.

ஆரோவில்லுக்கென உள்ள ஏற்பாட்டில் பாராட்ட வேண்டிய அம்சமும் உண்டு. வேலை விசா கேட்பவரின் ஆண்டு ஊதியம் பொதுவாக ரூ.16.25 லட்சத்துக்குக் குறையக் கூடாது. மாதப் பராமரிப்புத் தொகையில் காலம் தள்ளும் ஆரோவில்வாசிக்கு அது எட்டாக் கனி. எனவே, ஆரோவில் அறக்கட்டளைச் செயலாளரின் பரிந்துரையின் பேரில் நுழைவு விசா வழங்கப்படுகிறது. பணத்தை அளவுகோலாக்காமல் உழைக்க வந்தவரை ஏற்கும் வழி இது. நிலமும் வீடும் அறக்கட்டளைக்கே சொந்தம் என்பதால், நீண்ட காலம் தங்கியவர் அதை மனையாக்கி விற்கவும் முடியாது. சுற்றியுள்ள கிராமங்களின் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல காப்பு.

ஆனால், அதே ஏற்பாட்டின் பழுதும் இங்கேதான் தொடங்குகிறது. 1988-ம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் நிர்வாகக் குழுவையும், அதற்கு ஆலோசனை சொல்லும் குடியிருப்போர் பேரவையையும் உருவாக்கியது. பதிவேட்டில் பெயருள்ள, 18 வயது நிரம்பிய எல்லோரும் பேரவை உறுப்பினர்கள். ஆனால், அவர்களில் வெளிநாட்டவர் எந்த நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அதன் செயலாளரின் கையெழுத்தை நம்பித்தான் ஊரில் இருக்கிறார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் இந்திய உறுப்பினருக்கு அந்தப் பயம் இல்லை. எவருக்கும் சொந்தமில்லை என்று சொல்லித் தொடங்கிய நகரத்தில் இப்படி இரண்டு தரத்துக் குடியிருப்போர்.

2021 டிசம்பரில் ஆரோவில்லின் வட்டச் சாலையான கிரவுன் சாலைக்காகப் புல்டோசர்கள் வந்து மரங்கள் விழுந்தபோது இந்தச் சிக்கல் வெளியே தெரிந்தது. விசா பரிந்துரையை நிர்வாகம் அழுத்தக் கருவியாக்குகிறது என்று குடியிருப்போரில் ஒரு சாரார் குற்றம் சாட்டினர். சாலைக்குப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த கட்டுப்பாடுகளை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. சாலை விவகாரத்தில் நியாயம் யார் பக்கம் என்பது வேறு விவாதம். அப்படியொரு குற்றச்சாட்டு எழ இடம் கொடுக்கும் விதி நல்ல விதியாக இருக்க முடியாது. பரிந்துரை நின்றால் வீடு, வேலை, பேரவை இடம் மூன்றும் ஒன்றாகப் போகும். விற்றுவிட்டுப் போக வீடும் அவருடையதல்ல.

குடியுரிமை கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், அதற்குப் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும், பழைய கடவுச்சீட்டைத் துறக்க வேண்டும், முடிவும் அரசின் விருப்பம். விருந்தாளிக்கும் குடிமகனுக்கும் நடுவே எல்லோருக்குமான ஒரு படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐந்து ஆண்டு முறையாக வாழ்ந்தவர் நீண்டகாலக் குடியிருப்புரிமை கோர முடிகிறது.

ஆரோவில்வாசிக்காவது பரிந்துரைக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. மரக்காணம் உப்பளங்களுக்கும் ஆரோவில்லுக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. படகேறி வந்தவர்களிடம் விசா இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஆண்டுக் கணக்கில் வாழ்ந்ததும் குடியுரிமைக்குச் சேராது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு கிடைத்தது. குடியுரிமை கிடைக்கவில்லை. அந்த 1987 தேதி முகாம்களையும் விடவில்லை: மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இரண்டு ஆண்டு தாமதித்துப் பிறந்திருந்தால் அந்த வழி அவருக்கு அடைபட்டிருக்கும்.

வரம்பே வேண்டாம் என்பதல்ல வாதம். பரிந்துரை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை எதிர்த்து முறையிட வேறோர் இடம் வேண்டும். பல்லாண்டு வாழ்ந்தவருக்கு நிலைத்த குடியிருப்புரிமை வேண்டும். ஆரோவில்லுக்கும் முகாமுக்கும் இது பொதுவாக இருக்கட்டும். மூன்று நாள் பழமொழி விருந்தாளிக்குச் சொன்னது. வீட்டிலேயே பிறந்த பிள்ளைக்கு அல்ல.