ஐந்தாவது காட்சியைக் காட்டுங்கள்

கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜனிடமிருந்தே தொடங்கலாம். நம்ம சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டிக்காரர். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சியில் இறங்கினார். இறங்கிய சூட்டிலேயே பந்து வீசும் விதத்தில் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கையைத் திருத்தி, டி.என்.பி.எல்.லில் யார்க்கரைப் போட்டுப் போட்டுத் திரும்பி வந்தார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு அறிமுகம். 2015லேயே ஏட்டை மூடியிருந்தால் அந்த யார்க்கரை நாம் பார்த்திருக்க மாட்டோம்.

புது நாடகம் என்றால் மட்டும் முதல் ஆட்டத்தோடு ஏட்டை மூடிவிடுகிறோம்.

என்னைப் போன்ற ராயக்கோட்டைக்காரனுக்கு நாடகம் பார்க்க டவுன் என்றால் பெங்களூருதான். சென்னைக்கு ஒரு ராத்திரி போய்விடும். இங்கே ஓசூர் பஸ், பிறகு அத்திப்பள்ளி, பொம்மசந்திராவில் இறங்கினால் 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ. ஜே.பி. நகரில் ரங்க சங்கரா இருக்கிறது. நடிகர் சங்கர் நாக் நினைவாக அருந்ததி நாக் அலைந்து திரிந்து எழுப்பி, 2004ல் திறந்த அரங்கம். கன்னடம், ஆங்கிலம், இந்தி, எப்போதாவது தமிழ். நேரமானதும் கதவைச் சாத்திவிடுவார்கள், எந்தக் கொம்பனுக்கும் திறக்காது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

நான் சொல்ல வந்தது வேறொரு ஹாலில் நடந்தது. அதே நகரம், மாடியில் நூறு பேர் உட்காரும் இடம், ஒரு சின்னக் குழுவின் அரங்கேற்றம். மேடையில் ஐந்து பழைய தையல் மெஷின்கள். கார்மென்ட்ஸ் பெண்களின் கதை. வசனம் அநேகமாகக் கிடையாது; மெஷின் ஓடும் வேகத்திலேயே கோபம், அலுப்பு, கிண்டல் எல்லாம். நல்ல யோசனை. பாதியில் ஒரு விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லை. முன்னால் இருந்த பெண்ணின் கால் பெடலிலேயே நின்றுவிட்டது. கண் பக்கவாட்டுத் திரைக்குப் போனது. நாலு விநாடி இருக்கும். அதற்குப் பிறகு அவர் மெஷினில் ஓடியது வெறும் சத்தம்தான், பாத்திரம் திரும்பி வரவே இல்லை.

முடிந்ததும் ஹால் எழுந்து நின்று தட்டியது. ஏன் தட்டாது? பாதிப் பேர் நண்பர்கள், மீதி சித்தி, சித்தப்பா, ஆபீஸ்காரர்கள். அரங்கேற்றம் என்பது சொந்த மைதான ஆட்டம். பிட்ச் தெரியும், கேலரி நம்முடையது. மறுநாள் இரண்டாவது காட்சி போட்டார்கள். மூன்றாவது நடக்கவில்லை. மெஷின்கள் யாரோ ஒருவர் வீட்டு கார் ஷெட்டில் கிடப்பதாகக் கேள்வி.

இப்போது எங்கள் பக்கம் வாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா, பதினெட்டு நாள் பாரதக் கூத்து. பகலில் பிரசங்கம், ராத்திரி முழுக்க ஆட்டம், கடைசி நாள் படுகளம். இரண்டு வருஷம் முன்பு ஒரு கிராமத்தில் அர்ச்சுனன் தபசு. விடியற்காலை நாலு மணிக்கு அர்ச்சுனன் தபசு மரத்தில் பாதி ஏறியிருக்கிறார். குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் அடியில் முந்தானையை ஏந்தி நிற்கிறார்கள். கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. மேலே இருட்டில் பாட்டு நிற்கவே இல்லை. குரலை ஒரு கட்டை ஏற்றிக்கொண்டார், அவ்வளவுதான். கீழே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஒரே வரியில் சமாளித்தான்: “கரண்டையும் துரியோதனன் பிடுங்கிட்டான்டோய்!” கூட்டம் சிரித்தது. செல்போன் வெளிச்சம் ஒவ்வொன்றாக மேலே திரும்பியது. மரத்தின் மேலிருந்து எலுமிச்சம்பழம் விழுந்தபோது, இது இப்படித்தான் நடக்க வேண்டும் என்பது போலவே இருந்தது.

அந்தப் பெண்ணுக்குத் திறமை குறைவு, அர்ச்சுனனுக்கு அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். அர்ச்சுனன் அதே மரத்தை அந்த சீசனில் எத்தனை ஊரில் ஏறியிருப்பார்! இந்தப் பெண்ணுக்கு அது முதல் ராத்திரி. மூன்று மாதம் ஒத்திகை பார்த்திருப்பார்கள், சரி. ஒத்திகை வெறும் நெட் பிராக்டீஸ். அங்கே விளக்கு அணையாது, குழந்தை அழாது, முன்வரிசையில் எவனும் எழுந்து போக மாட்டான்.

வித்தியாசமான நாடகம் கிராமத்துக்கு எடுபடாது என்று டவுனில் ஒரு பேச்சு உண்டு. மரக்கட்டைப் புஜமும் கிரீடமும் கட்டிக்கொண்டு ஒருவர் கிறுகிறுவென்று சுற்றி வருகிறார். ‘யாரய்யா நீ?’ என்று கட்டியங்காரன் ராஜாவையே கேட்கிறான். இதைவிட வித்தியாசம் எதைக் கொண்டுவரப் போகிறீர்கள்? திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தையே கூத்தாக ஆடியிருக்கிறது. 2016ல் பாரிஸில் இயக்குநர் அரியான் நூஷ்கின் தன் புது நாடகத்துக்குள் தெருக்கூத்தைக் கொண்டுவர, நடிகர்களுக்கு அடவு சொல்லிக் கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன்.

கூத்தைவிட வித்தியாசமான நாடகம் இல்லை என்பது ந. முத்துசாமிக்கு எப்போதோ தெரிந்திருந்தது. 1977ல் கூத்துப்பட்டறை தொடங்கும்போதே கூத்துக்காரரின் உடம்பைத்தான் அவர் பாடமாக எடுத்தார். பிறகு முழுநேர நடிகர்களை வைத்துச் சம்பளமும் கொடுத்துப் பார்த்தார். ஆள் தேறியதும் சினிமா கொத்திக்கொண்டு போனது. பசுபதி, விதார்த், விமல் என்று ஒரு வரிசையே உண்டு, ஐ.பி.எல். ஏலத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை. ஆரோவில் அருகே ஆதிசக்தியில் வீணாபாணி சாவ்லா வேறு வழி பிடித்தார்: ஒரே நாடகத்தை ஆண்டுக்கணக்கில் இழைப்பது. அதற்கு நிலமும் பொறுமையும் வேண்டும், வாரக்கடைசிக் குழுவுக்கு இரண்டும் கிடையாது.

வாரக்கடைசிக் குழுவின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. பகலில் எல்லோருக்கும் வேலை. ஹால் வாடகை, லைட்டு வாடகை, போஸ்டர். இரண்டு காட்சியில் கையைக் கடித்ததும் அடுத்த நாடகத்துக்குத் தாவிவிடுகிறார்கள், புதுசு என்றால்தான் டிக்கெட் போகும் என்று. மேடையும் லைட்டும் இல்லாமல் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகிற நாடகம் என்று கொல்கத்தாவின் பாதல் சர்க்கார் அதற்குத்தான் வழி காட்டினார். 1980ல் சென்னை சோழமண்டலத்துக்கே வந்து பட்டறை நடத்தினார். நம் ஆட்கள் சிலர் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு ஐந்து தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளியைத் தாண்ட ஒரு குட்டியானை வண்டி போதும். தக்காளி இறக்கிவிட்டு ராயக்கோட்டைக்குக் காலியாகத் திரும்பும் வண்டிகள் இருக்கவே இருக்கின்றன.

ஆகவே ஒரு புது நாடகத்துக்கு மார்க் போடச் சொன்னால் இனி நான் அரங்கேற்றத்துக்குப் போக மாட்டேன். ஐந்தாவது காட்சிக்குக் கூப்பிடுங்கள், அதுவும் முகம் தெரியாத ஊரில். ஓசூர் சிப்காட்டில் கார்மென்ட்ஸ் பெண்களே வந்து உட்காரட்டும். மெஷின் சத்தத்தில் எது பொய் என்று அவர்கள் காதுக்கு உடனே தெரியும்.

அல்லது எங்கள் கோயில் திடலுக்கே வாருங்கள். ஜெனரேட்டர், ராத்திரிச் சாப்பாடு, விடிகாலை டீ ஊர்ப் பொறுப்பு. ஒன்று மட்டும் முடியாது: லேட்டாக வருபவர்களை நிறுத்தி வைக்க முடியாது. திடலுக்குக் கதவு இல்லை.