முற்றும்மை சுமந்த ஓர் ஆங்கிலப் பெயரடை

கைப்பேசி, நெகிழிப்பை, கண்காணிப்புக் கேமரா என மிகுதியாகப் பரவிவிட்ட எதற்கும் இன்றைய ஆங்கில எழுத்தாளர்கள் 'யுபிக்விட்டஸ்' என்னும் பெயரடையைத் தயக்கமின்றிச் சேர்க்கின்றனர். இதன் வேர், 'எங்கும்' எனப் பொருள்படும் 'உபிக்வே' என்னும் இலத்தீன் சொல்லாகும். அதில் 'உபி' என்பது 'எங்கு' என்னும் வினா. 'க்வே' என்னும் ஒட்டோ பெயர்களை இணைக்கவும், வினாச்சொல்லோடு சேர்ந்து எஞ்சாமையைக் காட்டவும் வருவது. எண்ணும்மை, முற்றும்மை எனத் தமிழ் இலக்கணம் பிரித்துரைக்கும் இரு பணிகளையும் 'உம்' என்னும் ஓர் இடைச்சொல்லே செய்வதை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு அயலானதன்று. ஒன்றையும் விடாமல் முழுமையும் தழுவுவதே முற்றும்மை. அந்த முழுமைதான் இப்பெயரடையின் வலிமையும் இடர்ப்பாடும் ஆகும்.

பெயரடைக்கு முன்பே 'யுபிக்விட்டி' என்னும் பெயர்ச்சொல் 16ஆம் நூற்றாண்டின் சமய வாதங்களினூடே ஆங்கிலத்துக்கு வந்தது. திருவிருந்து அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே உள்ளதென்ற சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், அவ்வுடல் எங்கும் இருக்கவல்லது என வாதிட்டார். உடல் ஓரிடத்துக்கு உரியது, அது விண்ணகத்தில் உள்ளது என்று மற்றொரு சீர்திருத்தவாதியான சுவிங்லி மறுத்தார். 1529இல் மார்பர்க் நகரில் இருவரும் நேரில் வாதிட்டும் இக்கருத்தில் உடன்பாடு எட்டப்படவில்லை. 'எங்கும்' என்பதை ஏற்பதா மறுப்பதா என்பதில் ஒரு திருச்சபையின் ஒற்றுமையே தங்கியிருந்த காலம் அது.

அக்கண்டிப்பு பிற்கால வழக்கில் தளர்ந்தது. 1975இல் அறியப்பட்ட ஒரு சிறு புரதம், உயிரணுக்கள் அனைத்திலும் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் 'யுபிக்விட்டின்' எனப் பெயர் பெற்றது. ஆனால், உட்கரு உடைய உயிரணுக்களுக்கே அது உரியது, பாக்டீரியாக்களில் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அறிவியல் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. பெயர் மட்டும் திருந்தவில்லை.

எனினும் இவ்வழக்கு முழுவதும் இழப்பன்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய மார்க் வைசர், 1988 அளவில் 'யுபிக்விட்டஸ் கம்ப்யூட்டிங்' என்னும் தொடரை உருவாக்கினார். கணினி சூழலோடு கலந்து, பயன்படுத்துவோர் கவனத்திலிருந்தே மறைந்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. எங்கும் இருப்பது கண்ணில் படாமற்போகும் என்னும் இந்த நுட்பத்தைப் 'பரவலான' எனப் பொருள்படும் 'வைட்ஸ்ப்ரெட்' தர இயலாது. இவ்விடத்தில் யுபிக்விட்டஸ் ஈடற்ற சொல்.

அந்த மறைப்பே குறையாகவும் மாறுகிறது. இணையம் 'யுபிக்விட்டஸ்' ஆகிவிட்டது என்று எழுதும்போது, 2024இல் உலகில் ஏறத்தாழ 260 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்தாதவர்களாகவே இருந்தனர் என்னும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மதிப்பீடு அந்த வாக்கியத்திற்குள் இடம்பெற வழியே இல்லை. 'வைட்ஸ்ப்ரெட்' என்றிருந்தால் எங்கே பரவவில்லை என்னும் கேள்வி எஞ்சும். முற்றும்மை அக்கேள்வியையே எழவிடுவதில்லை. வங்கிச் சேவையையும் அரசு விண்ணப்பத்தையும் இணையத்துக்கு மாற்றுவோர் தம் முடிவுக்கு இச்சொல்லையே சான்றாக்கும்போது, இணையம் எட்டாதவர் முதலில் வாக்கியத்திலிருந்தும் பிறகு வரிசையிலிருந்தும் விலக்கப்படுகின்றனர்.