187க்கும் 188க்கும் இடையே

தரம்பிரித்தல் என்பது தேர்வு மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனிப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேகத்தில் வேறு பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் முறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. வீடுகளில் யாரும் அதை இந்தப் பெயரால் சொன்னதில்லை. நவம்பர் மாதக் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் முடிவு வந்ததும் உறவினர் கேட்பது ஒரே கேள்விதான்: "எக்ஸ்பிரஸா, நார்மலா?"

முறை பிறந்த காரணத்தை முதலில் சொல்லியாக வேண்டும். 1970களில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உயர்நிலைக் கல்வியை முடிக்காமலேயே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலமும் மாண்டரினும் பெரும்பாலான வீடுகளில் பேசப்படாத காலம் அது. வீட்டில் புழங்காத இரண்டு மொழிகளைப் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே வேகத்தில் கற்க வேண்டியிருந்தது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் தந்த அறிக்கை இதைக் கல்வி விரயம் என்று கணக்கிட்டது. குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள். ஓர் ஆலையில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு சரக்கு வீணாகிறது என்று பார்க்கும் கண்ணோடு அவர்கள் பள்ளியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையின் கூர்மையும் குறையும் முறைக்குள்ளேயே தங்கிவிட்டன.

அடுத்த ஆண்டு தொடங்கி தொடக்கநிலை மூன்றிலேயே, ஒன்பது வயதில், பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள். 1992இல் அது தொடக்கநிலை நான்குக்குத் தள்ளிப்போய் ஈஎம்1, ஈஎம்2, ஈஎம்3 ஆயிற்று. 2008இல் அந்தப் பிரிவுகளும் எடுக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளியில் விரைவுநிலை (எக்ஸ்பிரஸ்), வழக்கநிலை (நார்மல்) என்ற பிரிவு நீடித்தது. 1994இல் வழக்கநிலை, ஏட்டுக்கல்வி என்றும் தொழில்நுட்பம் என்றும் இரண்டானது.

இதனால் விளைந்த நன்மை சிறியதல்ல. இன்று உயர்நிலைக் கல்வியை முடிக்காமல் பள்ளியை விட்டுப்போகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பின்னக் கணக்கையே பிடிக்க முடியாத பிள்ளையும் இயற்கணிதத்துக்குத் தயாராகிவிட்ட பிள்ளையும் அடுத்தடுத்து இருந்தால், ஆசிரியர் நடுவில் இருப்பவர்களுக்காக மட்டுமே பேசுவார். பிரித்த பிறகு பின்தங்கிய பிள்ளைக்கு அவன் வேகத்தில் சொல்லித்தர ஆள் கிடைத்தது. வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு வந்தபோது, முன்பு வெளியே தள்ளப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகள் இன்னும் நான்கு ஆண்டு பள்ளியில் தங்கினார்கள். அதற்கு அப்பால் தொழில்நுட்பக் கல்விக்கழகமும் இருந்தது. தரம்பிரித்தலைக் குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டி ஓடிவிடுவது நேர்மையாகாது.

ஆனால் மெதுவாகச் சொல்லித்தருவது வேறு, குறைவாகச் சொல்லித்தருவது வேறு. தரம்பிரித்தல் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. அதன் ஆழமான பிழை இங்கேதான். விரைவுநிலை மாணவர் வரலாறு, புவியியல், இலக்கியம் படித்தார்; கூடுதல் கணிதம் எடுத்தார்; இயற்பியலையும் வேதியியலையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் வாய்ப்பும் அவருக்கு இருந்தது. தொழில்நுட்பப் பிரிவு மாணவருக்கு நெடுங்காலம் இவை எதுவும் தனிப் பாடமாகக் கிடைக்கவில்லை. சமூகவியல் இருந்தது, அதற்கும் தேசியத் தேர்வு கிடையாது. கணினிப் பயன்பாடும் தொழில் சார்ந்த பாடங்களும் அந்த இடத்தை நிரப்பின. ஒரு நாவலை வகுப்பில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பேசும் அனுபவம் பதின்மூன்று வயதில் அவருக்கு மூடப்பட்டது. நான்கு ஆண்டில் படிக்க வேண்டியதை ஐந்து ஆண்டில் படிக்கட்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. இலக்கியம் உனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு கணிதத் தேர்வுக்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

அந்த முடிவு எவ்வளவு மெல்லிய கோட்டில் நின்றது என்பதற்கு ஒரு மதிப்பெண் தாளே போதும். 2020 வரை ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய நான்கு பாடங்களும் சேர்ந்து ஒரு மொத்த மதிப்பெண் தரப்பட்டது. அது பிள்ளை எழுதிய விடைகளின் நேர்க் கூட்டல் அல்ல. அந்த ஆண்டு தேர்வு எழுதிய மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட எண். அந்த முறையின் கடைசி ஆண்டுகளில் 188 எடுத்த பிள்ளை விரும்பினால் விரைவுநிலைக்குப் போக முடிந்தது. 187 எடுத்த பிள்ளைக்கு அந்தத் தேர்வுரிமை இருக்கவில்லை. 151க்கும் 152க்கும் இடையிலும் இதேபோல ஒரு கோடு இருந்தது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எந்த ஆசிரியரும் இந்தப் பிள்ளை வேறு, அந்தப் பிள்ளை வேறு என்று சொல்லமாட்டார். பள்ளி சொன்னது, அதையே அடுத்த நான்கைந்து ஆண்டுகள் சீருடை போட்ட நண்பர்களும் சொன்னார்கள். 2002இல் ஜேக் நியோ எடுத்த 'ஐ நாட் ஸ்டூபிட்' திரைப்படம் கடைசிப் பிரிவான ஈஎம்3இல் படித்த பிள்ளைகளைப் பற்றியது. அது நாடு முழுதும் பேசப்பட்டதற்குக் காரணம், அந்த மூன்றெழுத்தின் சுமை என்னவென்று பெற்றோர் அனைவருக்கும் தெரிந்திருந்ததுதான்.

தமிழ் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கோணல் இன்னும் தெளிவாகத் தெரியும். பாட்டியோடு நாள் முழுதும் தமிழில் பேசி வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அதே பிள்ளைக்கு ஆங்கிலமும் அதன் வழியாக வரும் கணிதமும் அறிவியலும் சிரமமாகலாம். மொத்த மதிப்பெண் சரிந்தால் தொழில்நுட்பப் பிரிவு; அங்கே அவனுக்குக் காத்திருந்தது அடிப்படைத் தமிழ். வகுப்பிலேயே நன்றாகத் தமிழ் பேசும் ஒருவன் மிகக் குறைந்த தமிழைப் படித்தான். உயர்தமிழும் தமிழ் இலக்கியமும் தேர்வில் முன்னணியில் நின்றவர்கள் பக்கம் இருந்தன. பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்து உயர்தமிழ் படித்தவர்களில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். அவர்கள் தமிழ் படித்தது மகிழ்ச்சிக்குரியது. தமிழில் வாழ்ந்த பிள்ளை அந்த வகுப்புக்கு வரமுடியாமல் போனது இந்த மொழிக்கே இழப்பு.

தமிழர்கள் இப்படியொரு ஏற்பாட்டை வேறு உருவில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். 1953இல் சென்னை மாநில முதல்வர் ராஜாஜி கிராமத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைத்தார். பிள்ளைகள் இரண்டு அணிகளாக வருவார்கள்; மிஞ்சிய நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்பார்கள். அதற்கும் ஒரு கணக்கு இருந்தது: அதே கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்து இருமடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டார். குயவர் பிள்ளைக்குச் சக்கரத்தையும் வண்ணார் பிள்ளைக்குத் துறையையும் விட்டுவைக்கும் திட்டம் என்பது மக்களுக்கு உடனே புரிந்தது. 1954இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், அதே ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டையும் ஒன்றென்று சொல்வது மிகை. சாதி பிறப்போடு வந்து இறப்போடும் போகாமல் அடுத்த தலைமுறைக்கு இறங்குவது. மண உறவையும் குடியிருப்பையும் கட்டுப்படுத்துவது. தரம்பிரித்தலில் பிறப்பைக் கேட்கும் கட்டமே இல்லை. வழக்கநிலையிலிருந்து ஐந்தாம் ஆண்டு படித்துச் சாதாரண நிலைத் தேர்வு எழுதி மேலே போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனாலும் குலக்கல்வி வெளிப்படையாகக் கேட்டதை, தரம்பிரித்தல் சுற்றுவழியில் கேட்டுவிட்டது. பன்னிரண்டு வயதில் எழுதும் தேர்வில் பிள்ளையோடு சேர்ந்து வீடும் உட்கார்ந்து எழுதுகிறது. வீட்டில் பேசும் மொழி, படிக்க ஒரு மேசை, இரவு வேலைக்குப் போகாத பெற்றோர், டியூஷன் எல்லாம் அந்தத் தாளில் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவு ஆய்வின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் டியூஷனுக்கு ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளி செலவழித்தன. இந்திய மாணவர்கள் பின்தங்குவதைக் கண்டு 1991இல் தொடங்கப்பட்ட சிண்டா என்ற அமைப்பு, துணைப்பாட வகுப்புகளைத் தன் முதன்மைப் பணியாக்கிக்கொண்டதற்கும் இதுவே காரணம்: பள்ளி சமமாக இருந்தாலும் வீடு சமமாக இல்லை.

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தின் நடைமேடையில் காலையில் நின்றால் இந்தப் பிரிவின் மறுமுனை தெரியும். தெற்கே இயூ டீயைத் தாண்டி இரண்டாவது நிலையம் சுவா சூ காங். அந்த வட்டாரத்தில் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தின் மேற்குக் கல்லூரி 2010இல் திறக்கப்பட்டது. வடக்கே மார்சிலிங்கைத் தாண்டி இரண்டாவது நிலையம் உட்லண்ட்ஸ். அங்கே ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி. ஒரே புளோக்கில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள் எதிரெதிர் ரயில்களில் ஏறுவதற்கான காரணம், பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுக்கு முன் வந்த ஓர் எண். கல்லூரி எதுவானாலும் கட்டடமும் கருவிகளும் நன்றாகவே இருக்கின்றன. அரசு அதில் குறை வைக்கவில்லை. பிரிந்தது நட்பு. அக்கம்பக்கப் பள்ளிகளில் மூன்று பிரிவினரும் ஒரே வாசல் வழியாக வந்தார்கள், வகுப்பறை மட்டும் வேறு. பெயர்பெற்ற சில பள்ளிகளில் வழக்கநிலையே இருந்ததில்லை.

2019 மார்ச்சில் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யீ காங் தரம்பிரித்தலை முடித்துக்கொள்வதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்கள் இல்லை. வகுப்புகள் கலந்து அமைகின்றன. கலை, இசை, உடற்கல்வி போன்ற பாடங்களில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம், எல்லாரும் சேர்ந்து உட்காருகிறார்கள். மற்றப் பாடங்களை ஒவ்வொருவரும் தம் திறனுக்கேற்ப ஜி1, ஜி2, ஜி3 என்ற ஏறுவரிசை நிலைகளில் எடுக்கிறார்கள். வேகத்தையும் முத்திரையையும் பிரித்துவிட்ட இந்த மாற்றம், 1979 அறிக்கைக்குப் பிறகு நடந்தவற்றில் மிகச் சரியானது. எனினும் பள்ளியில் சேர்க்கும்போது மூன்று சேர்க்கைக் குழுக்கள் இன்னமும் இருக்கின்றன. எண் குறையக் குறைய நல்லதாகும் புதிய மதிப்பீட்டில் 22 எடுத்தவருக்கு, பழைய விரைவுநிலைக்கு ஈடான மூன்றாம் குழுவுக்கும் வழி உண்டு, 23 எடுத்தவருக்கு இல்லை. கோடு இடம் மாறியிருக்கிறது. டியூஷன் செலவும் குறையவில்லை.

2027இலிருந்து சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதில் ஒரே உயர்நிலைச் சான்றிதழ் தரப்படும். ஒவ்வொரு பாடத்துக்கு எதிரிலும் அதை எந்த நிலையில் படித்தார் என்பது இருக்கும். கணிதத்தை ஜி1இல் படித்த பிள்ளை அதே தாளில் தமிழை ஜி3 என்று காட்டலாம்.